தினசரி ஓடும் ஜீப்புக்குப் பூட்டும் புதுப்பிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் பட்டறை நடத்துகிறேன். போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போது, ஓசூரிலிருந்து அரூர் வரை எங்கிருந்து வந்தவராக இருந்தாலும், அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு, பகலில் தக்காளிக் கூடை ஏற்றி, ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலை ஏறும் ஒரே வண்டியை வைத்திருப்பவர்களுக்காக இதைத் தொகுத்திருக்கிறேன். தார், ஜிம்னி, கூர்க்கா, கேம்பர், பழைய ஜிப்சி எதுவானாலும் நம் பக்கம் அதற்கு ஜீப் என்றுதான் பெயர். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

ஃபோர் வீலை (நான்கு சக்கரங்களும் இழுக்கும் நிலையை) எப்போது போட வேண்டும்? எப்போதும் போட்டே ஓட்டினால் பிடிமானம் நன்றாக இருக்குமே?

மேலே சொன்ன ஜீப்புகளில் இருப்பது, தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் வகை. அதைப் போட்டவுடன் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் ஓடும் தூரமும் பின்சக்கரங்கள் ஓடும் தூரமும் ஒன்றல்ல. ஈரமண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால் முறுக்கம் முழுவதும், இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸிலும் அச்சுகளிலும் ஏறும். வளைவில் ஸ்டீயரிங் கனத்து, வண்டி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் நின்றால் அதுதான் காரணம். சேறு, மணல், தளர்ந்த கல், செங்குத்தான மண்பாதை ஆகியவற்றுக்கு மட்டும் போடுங்கள்.

வருடம் முழுவதும் தொடாமல் வைத்திருப்பதும் தவறு. மாதம் ஒருமுறை மண்பாதையில் சிறிது தூரம் போட்டு ஓட்டினால் உள்ளே எண்ணெய் பரவும், லீவர் இறுகாது. மெதுவாகவும் பலமாகவும் இழுக்கும் ‘லோ’ நிலைக்கு மாற்றும்போது வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து மாற்றுங்கள்.

சாவியிலேயே சிப் இருக்கிறது என்று ஷோரூமில் சொன்னார்கள். அதற்கு மேல் எதற்கு இன்னொரு பூட்டு?

சிப் உள்ள சாவி பயனுள்ளதுதான். சாவியின் சங்கேதம் பொருந்தாவிட்டால் என்ஜின் உயிர் பெறாது. ஆனால் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. எனப்படும் ஒரு சோதனை முனை இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் கணினியை இணைப்பது அதில்தான். திருடனும் தன் கருவியை அங்கே செருகிப் புதுச் சாவியைப் பதிவு செய்ய முடியும். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் வண்டியில் இன்னொரு வழியும் உண்டு. வீட்டு வாசல் அருகே ஆணியில் மாட்டியிருக்கும் சாவியின் அலையை ஒரு கருவியால் பெருக்கி, அது வண்டிக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் ஏமாற்றலாம். அந்தச் சாவியை மூடி போட்ட தகர டப்பாவில் வைத்து, டப்பாவோடு வண்டிக்குப் பக்கத்தில் போய்க் கதவு திறக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள். திறக்காவிட்டால் அலை வெளியே போகவில்லை.

மின்னணுப் பூட்டை மின்னணுவால் உடைக்கலாம். இரும்பை உடைக்க நேரமும் சத்தமும் வேண்டும். எந்தப் பூட்டும் திருட்டை முற்றிலும் தடுத்துவிடாது. திருடன் நிற்க வேண்டிய நேரத்தை நீட்டுவதுதான் பூட்டின் வேலை.

கையில் பணம் குறைவு. எதில் தொடங்கட்டும்?

கியர் கம்பியை அசையாமல் பிடிக்கும் கியர் லாக், ஸ்டெப்னிக்குப் பூட்டு நட், ஓ.பி.டி. முனைக்கு மூடிப் பூட்டு. இந்த மூன்றிலும் ஓர் ஒயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை. அடுத்தது நல்ல டயர். அதற்கு அடுத்தது விளக்கு. பம்பர், கேரியர், ஸ்டிக்கர் எல்லாம் கடைசி. சிலர் நேர்மாறாகச் செய்கிறார்கள்: தேய்ந்த டயரின் மேல் புதுக் கூரைவிளக்கு எரிகிறது. மழைநாளில் தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது எது காப்பாற்றும் என்று யோசித்துச் செலவு செய்யுங்கள்.

கியர் லாக் வாங்கும்போது அது எந்தக் கியரில் பூட்டுகிறது என்று கேளுங்கள். சாதாரண கியர் வண்டியில் ரிவர்ஸில் பூட்டுவதே சரி. வண்டியைத் தள்ளிக்கொண்டு போகவும் முடியாது, முன்னால் ஓட்டவும் முடியாது. பொருத்தியிருக்கும் போல்ட்டின் தலை, பொருத்தியபின் உடைந்து விழும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்பேனருக்குக் கழன்றுவரும் போல்ட்டில் நிற்கும் பூட்டு, பூட்டே அல்ல.

ஸ்டெப்னிக்குக்கூடவா பூட்டு? பின்கதவில் தொங்குவதை யார் எடுக்கப்போகிறார்கள்?

மூன்று நட்டும் ஒரு சக்கர ஸ்பேனரும் போதும். இருட்டில் ஓசையில்லாமல் முடிகிற வேலை. ஓசூரில் தெருவோரம் நிறுத்துபவர்கள் இதை முதலில் செய்துகொள்ளுங்கள்.

பூட்டு நட்டின் தனிச்சாவியை வண்டிக்குள்ளேயே, ஜாக் பையில் வைத்திருங்கள். அது வீட்டு அலமாரியில் இருந்தால் சித்தேரி மலைப்பாதையில் பஞ்சர் ஆகும்போது ஸ்டெப்னி கண்முன் இருந்தும் பயன்படாது. பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் அந்த நட்டைக் கழற்றவிடாதீர்கள். சாவியின் பள்ளம் மழுங்கிவிட்டால் பிறகு நட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

மறைவான இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாதாமே. வைத்துத் தருவீர்களா?

வைத்துத் தருகிறேன். ஆனால் எந்தச் சுற்றில் வைப்பது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். டீசல் பம்புக்குப் போகும் மின்சாரத்தில் சுவிட்ச் வைத்தால், அந்த இணைப்பு ஒருநாள் தளரும்போது ஓடுகிற வண்டி நடுச்சாலையில் நின்றுவிடும். என்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனக்கும். இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக்கும் கல்லாகிவிடும். ஸ்டார்ட்டர் ரிலேயை (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சை) இயக்கும் சிறு ஒயரில் வைத்தால் அந்த ஆபத்து இல்லை. சுவிட்ச் கெட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் ஓடும். அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கம்பெனி ஒயரை நடுவில் வெட்டாமல், ரிலே செருகும் இடத்திலேயே இணைப்பு எடுக்க முடியும். அப்படிச் செய்தால் நாளைக்குக் கழற்றிப் பழையபடி செருகலாம். முனையை நெரித்து, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூட வேண்டும். வெறும் கறுப்பு டேப் நம் ஊர் வெயிலில் பிசினாக வழிந்துவிடும். புது வண்டியென்றால் வாரண்டி விதியை முதலில் படியுங்கள்.

ஸ்டார்ட்டர் சுற்றில் மட்டும் தடை இருந்தால், சிப் இல்லாத பழைய வண்டியைச் சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியும். அதனால்தான் கியர் லாக் முதலில் என்று மேலே சொன்னேன்.

ஜி.பி.எஸ். போட்டுவிட்டேன் அண்ணா. போனிலேயே வண்டியை நிறுத்தலாம் என்கிறார்கள். இனிப் பூட்டு எதற்கு?

ஜி.பி.எஸ். திருட்டைத் தடுப்பதில்லை, திருடுபோன பிறகு வழி காட்டுகிறது. அதற்கு சிம் கார்டில் ரீசார்ஜும் செல்போன் சிக்னலும் வேண்டும். அஞ்செட்டி காட்டுப்பாதையிலும் மலையடிவாரங்களிலும் சிக்னல் அறுந்துபோவது எல்லோருக்கும் தெரியும். வண்டியின் பேட்டரியைக் கழற்றினாலும் சில மணி நேரம் உயிரோடிருக்கும் உள்பேட்டரி உள்ள கருவியாக வாங்குங்கள். டாஷ்போர்டின் இடது ஓரத்தில் எல்லோரும் வைக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

போனில் என்ஜினை நிறுத்தும் வசதியை, வண்டி நின்றிருக்கும்போது மட்டும் வேலை செய்யும்படி அமைக்கச் சொல்லுங்கள். ஓடும்போது நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை முந்தைய பதிலில் பார்த்தோம். திருடன் ஓட்டினாலும் எதிரே வருவது யாரோ ஒருவருடைய குடும்பம்.

வீட்டுக்காரர் வெளியூரில் வேலை. பென்னாகரத்திலிருந்து தினமும் நானே ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன். துணிக்கூரை வண்டி. என்ன செய்யலாம் அண்ணா?

துணிக்கூரையைக் கத்தியால் கிழிக்க ஒரு நிமிடம்கூட ஆகாதம்மா. அதனால் வண்டிக்குள் எதையும் விட்டுவைக்காமல் இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. பின்னிருக்கைக்குக் கீழே அல்லது பக்கத்தில், தளத்தோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி ஒன்று போதும். போல்ட்டின் நட்டுகள் பெட்டிக்கு உட்புறம் இருக்கட்டும். ஆர்.சி. புத்தகத்தின் அசலை அதில்கூட வைக்க வேண்டாம். டிஜிலாக்கரில் அல்லது எம்-பரிவாகன் செயலியில் காட்டினாலே சட்டப்படி செல்லும்.

காலையில் கிளம்பும்முன் டயரையும் கீழே எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்பதையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். பஞ்சர் ஆனால் ஸ்டெப்னியை நீங்களே மாற்றிப் பழகுங்கள். வீட்டு வாசலில் ஒருமுறை செய்துவிட்டால் வழியில் கை நடுங்காது.

எலி ஒயரைக் கடித்துவிடுகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?

வைக்கோல், தீவனம், கரும்புச் சோகை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எலி வரத்தான் செய்யும். நிறுத்தும் இடத்தை மாற்றுங்கள். இரவில் போனட்டைத் திறந்து வைப்பவர்களுக்கு எலித் தொல்லை குறைகிறது. பூட்டிய கொட்டகை இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். கடிபடும் ஒயர்க் கற்றைமீது நெளிகுழாய் ஏற்றலாம்.

டயரைப் பெரிதாக்கினால் மலையில் நன்றாக ஏறுமா?

பிடிமானம் டயரின் பட்டையிலும் காற்றழுத்தத்திலும் இருக்கிறது. பெரிய டயரால் கிடைப்பது அடிப்பகுதிக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம் மட்டுமே. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிம்னியின் கம்பெனி டயர் 195/80 ஆர் 15. அதன் விட்டம் 693 மில்லிமீட்டர். பலர் மாற்றும் 215/75 ஆர் 15இன் விட்டம் சுமார் 703. பத்து மில்லிமீட்டர் கூடினால் தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, ஐந்து மில்லிமீட்டர். வேகமானியில் வரும் வித்தியாசம் ஒன்றரை சதவீதம். அது தொல்லை தராது. விட்டம் மூன்று சதவீதத்துக்கு மேல் கூடினால் வேகமானி ஏமாற்றும், என்ஜின் திணறும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது உள்ளே உரசும்.

நம் சாலைக்கு, தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ‘ஆல் டெரெய்ன்’ வகை போதும். சேற்றுக்கென்றே செய்த முரட்டுப் பட்டை டயர் பெங்களூர் நெடுஞ்சாலையில் இரைந்து, மழையில் வழுக்கி, சீக்கிரம் தேயும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. சுமைக் குறியீடு கம்பெனி டயரைவிடக் குறையக் கூடாது. பட்டையின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே அது ஓட்டத் தகாத டயர்.

ஐந்து டயரும் ஒரே அளவாக இருக்கட்டும். ஸ்டெப்னி மட்டும் சிறியதாக இருந்து, அதைப் போட்டுக்கொண்டு ஃபோர் வீலையும் போட்டால் முதல் பதிலில் சொன்ன அதே முறுக்கம் நேர்ச்சாலையிலும் ஏறும். மண்ணிலும் மணலிலும் காற்றை 20 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தால் பட்டை அகலமாகப் படிந்து பிடிக்கும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு ஏற்றியே ஆகவேண்டும். அதற்காக ஒரு சிறு கம்ப்ரஸர் வாங்கினால், நேரடியாக பேட்டரியில் மாட்டும் வகையாக வாங்குங்கள்.

வெளிச்சம் போதவில்லை. நூறு வாட் பல்பு போட்டுவிடலாமா?

வேண்டாம். ஹெட்லைட்டில் இருக்கும் 60/55 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர் இழுக்கும். 100/90 பல்பு எட்டு ஆம்பியருக்கு மேல். இரண்டு பக்கமும் சேர்த்தால் கம்பெனி ஒயரும் சுவிட்சும் தாங்க வேண்டிய சுமை பத்திலிருந்து பதினேழு ஆம்பியராகிறது. சூட்டில் பல்பு செருகும் முனை பழுத்து, ரிஃப்ளெக்டரின் வெள்ளிப்பூச்சு உரிந்து, ஆறு மாதத்தில் பழையதைவிட வெளிச்சம் மங்கும். சட்டமும் அனுமதிப்பதில்லை.

முதலில் கண்ணாடியின் மஞ்சளைத் தேய்த்து நீக்குங்கள். பிறகு வெளிச்சத்தின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். பின்னால் சுமை ஏற்றினால் மூக்கு தூக்கி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அதன்பின் ரிலேயோடு தனி ஒயர் இழுத்து, அதே கம்பெனி வாட் பல்பை நல்ல தரத்தில் போட்டுப் பாருங்கள். பழைய வண்டியில் பல்புக்குப் போய்ச் சேரும் வோல்ட்டேஜே குறைந்திருப்பதுதான் பல நேரம் நோய்.

கூடுதல் விளக்கு வைத்தே ஆகவேண்டும் என்றால் ஃப்யூஸ் எங்கே என்று கேளுங்கள். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒயரில் ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும். போனட்டின் ஓரத்தில் ஒயர் உரசி மேலுறை தேய்ந்தால், ஃப்யூஸ் இல்லாத ஒயர் அப்படியே செந்தணலாகும். பட்டறைக்கு வந்த வண்டிகளில் திருகி டேப் சுற்றிய இணைப்புகளைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்து, தொட்டவுடன் பொடியாக உதிரும். கூடுதல் விளக்குகளைப் பொதுச்சாலையில் மூடியிட்டு அணைத்து வையுங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை நிற்கும்போது அதன் முகத்தில் விளக்கடிக்கவே கூடாது. தூரத்திலேயே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, அது கடக்கும்வரை காத்திருங்கள்.

முன்னால் கனத்த இரும்பு பம்பர் போட்டால் பாதுகாப்புதானே?

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இத்தகைய இரும்புக் காப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. முன்புறம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படிதான் வண்டியைச் செய்திருக்கிறார்கள். நசுங்காத இரும்பு அந்த அடியை நேராக வண்டியின் சேஸிஸுக்கும் உள்ளே இருப்பவர்களுக்கும் கடத்தும். ஏர்பேக் திறக்கும் நேரமும் குழம்பும். நடந்து போகிறவர்மீது பட்டால் காயம் கொடியதாகும்.

அடிப்பகுதிக்குத் தகடு போடுவது வேறு விஷயம். கல்குவாரிப் பாதைகளில் ஓடுகிறவர்களுக்கு என்ஜின் எண்ணெய்த் தொட்டிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கீழே தகடு அவசியம். எண்ணெய் வடிக்கும் துளையை மறைக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

எதை மாற்றினால் ஆர்.டி.ஓ. பிடிப்பார்? எதை மாற்றலாம்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுதான் அடிப்படை. ஆர்.சி.யில் பதிந்துள்ள விவரங்கள், தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூரையை மாற்றுவது, சேஸிஸை வெட்டுவது, இருக்கை எண்ணிக்கையைக் கூட்டுவது, வேறு என்ஜின் வைப்பது எல்லாம் இதில் வரும். நிறம் மாற்றுவதாக இருந்தால் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

பூட்டுகள், தரைவிரிப்பு, இருக்கை உறை, அடித்தகடு, கம்ப்ரஸர், கழற்றி மாட்டும் பெட்டி ஆகியவற்றில் சிக்கல் வருவதில்லை. உள்ளே இருப்பது தெரியாமலிருக்கக் கறுப்புத் தாள் ஒட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. கறுப்புத் தாள்களை அகற்ற உச்ச நீதிமன்றம் 2012இல் உத்தரவிட்டது.

சேற்றில் மாட்டினால் டிராக்டரும் சங்கிலியும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

சங்கிலி நீளாது, இழுக்கும் வேகம் முழுவதும் ஒரே வெட்டாக விழும். அறுந்தால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். நல்ல நைலான் இழுவைப் பட்டையும், 4.75 டன் என்று பொறித்த இரண்டு ஷாக்கிளும் (பட்டையை மாட்டும் இரும்பு வளையம்) வாங்கி வையுங்கள். வண்டியின் சட்டத்தோடு இணைந்த இழுவைக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் மாட்டவே கூடாது. அது முறிந்தால் குண்டுபோல் பாயும். பட்டையின் நடுவில் நனைத்த சாக்கைப் போட்டு, வேடிக்கை பார்ப்பவர்களைப் பட்டையின் நீளத்தைவிடத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மெதுவாக இழுங்கள்.

பூட்டும் புதுச் சாமானும் போட்டதை இன்சூரன்ஸில் சொல்ல வேண்டுமா?

சொல்லியே ஆகவேண்டும், எழுத்தில். தனியாக வாங்கிப் பொருத்திய சாமான்களைப் பாலிசியில் சேர்க்காவிட்டால் அவற்றுக்கு இழப்பீடு கிடையாது. வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் சான்று பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி என்று 2002ஆம் ஆண்டின் மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதியில் இருந்தது. உங்கள் நிறுவனம் இப்போதும் தருகிறதா என்று கேளுங்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசாவும் வராது.

வண்டி போய்விட்டது. முதலில் யாரிடம் போக?

112க்கு அழையுங்கள். ஜி.பி.எஸ். இருந்தால் இடத்தைப் போலீசாரிடம் சொல்லுங்கள்; தனியாகத் துரத்திப் போகாதீர்கள். ஓசூர் பக்கமென்றால் கர்நாடக எல்லை கூப்பிடு தூரம், ஆகவே நேரம் கடத்த வேண்டாம். அதேநாளில் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். ‘எங்கள் நிலைய எல்லைக்குள் வராது’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பெற வேண்டும்.

அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். உடனே புகார் பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குச் சொன்னதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒரு சாவி தொலைந்திருந்தால் தொலைந்த அன்றே புகார் எழுதி வைத்திருப்பது பின்னாளில் உதவும்.

பெங்களூரில் கே.ஏ. பதிவெண்ணோடு நன்றாகச் செய்துவைத்த பழைய ஜீப் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

விலை மலிவாக இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பதிவெண்ணைச் செயலியில் போட்டு வரும் விவரத்தோடு, வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் நீங்களே ஒப்பிடுங்கள். எண்ணின்மீது வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேயுங்கள். எழுத்துகளின் இடைவெளி ஒரே சீராக இல்லாமலோ, சுற்றிலும் தேய்த்து வண்ணம் பூசிய தடமோ இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2019 ஏப்ரல் முதல் தயாரான வண்டியென்றால் உயர் பாதுகாப்பு எண்பலகையும் கழற்ற முடியாத ரிவெட்டும் இருக்க வேண்டும்.

தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்கு 29, 30, கடன் தீர்ந்ததற்கு 35. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டுவதாக இருந்தால் தமிழ்நாட்டு எண்ணுக்கு மாற்றியாக வேண்டும்; இங்கே கட்ட வேண்டிய சாலை வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

‘நன்றாகச் செய்துவைத்த’ என்பதில்தான் எனக்குத் தயக்கம். முன்னவர் செய்த மாற்றத்துக்கு இன்று பொறுப்பாளி ஆர்.சி.யில் பெயர் உள்ள நீங்கள். கூரை, பம்பர், டயர் ஆகியவற்றை மேலே சொன்ன பதில்களோடு ஒப்பிட்டு, சட்டத்துக்கு ஒவ்வாததைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். பிறகு போனட்டைத் திறந்து பேட்டரியின் நேர்முனையைப் பாருங்கள். கம்பெனி ஒயரைத் தவிர வேறு எத்தனை ஒயர் கிளம்புகிறது, ஒவ்வொன்றிலும் ஃப்யூஸ் இருக்கிறதா, அது எங்கே போகிறது என்பதற்கு விற்பவர் பதில் சொல்ல வேண்டும். ஓர் ஒயருக்குப் பதில் வராவிட்டாலும், ஒரு மின்வேலைக்காரரை அழைத்துப்போய்ப் பிரித்துப் பார்க்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.